வால்வெட்டி

வெட்டினோமா இல்லையா என்று கோகிலவாணிக்கு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. முதல் சொட்டு விட்டபோது வராத நினைப்பு, நர்ஸ் பெண் இமையைத் தூக்கி இரண்டாவது சொட்டை விட்டபோதுதான் வந்து தொலைத்தது. மருந்து சுரீரென்று எரிந்தது, அந்த எரிச்சலோடு எரிச்சலாக இதுவும் வந்தது: சற்று முன்னால் குடும்ப குரூப்பில் போட்ட லிங்க்கின் வாலை வெட்டினேனா? “கண்ணைத் தொறக்கப்படாதுங்கம்மா, இன்னும் அரை மணி நேரம் ஆகும். போனை நோண்டக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் செருப்பைத் தேய்த்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். சர்க்கரை வந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் உள்பக்கத்தை டாக்டருக்குக் காட்ட வேண்டும், அதற்குக் கண்மணி விரிய வேண்டும், விரிகிறவரைக்கும் கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரியின் இந்த நீள ஹாலில் முப்பது நாற்பது பேர் பஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சாமி வந்து இறங்கப் போவதுபோல உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு வருஷமாக உட்காருகிறவள்தான், பழக்கம்தான். ஆனால் மடியில் இருக்கிற கைப்பைக்குள் போன் இப்போது ஒரு தடவை உதறியதே, அது யார்? யார் அதற்குள் திறந்து பார்த்துவிட்டார்கள்?

நிதானமாக யோசிக்கலாம். டோக்கன் நாற்பத்தாறு. நாற்பத்திரண்டைக் கூப்பிட்டபோது அவள் தூணோரம் உட்கார்ந்து மகள் தாரணிக்கு வந்திருந்த வரனின் பதிவு எண்ணைக் கல்யாண வலைத்தளத்தில் போட்டுத் தேடினாள். பையன் பெங்களூரில் வேலை, பல்வரிசை நன்றாக இருந்தது, சொந்த ஊர் காங்கயம் பக்கம். எல்லோரும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பகிர்கிற அம்புக்குறியை அமுக்கினாள். லிங்க் வந்தது. நீளமாக, இரண்டு மூன்று வரிக்கு, எழுத்தும் எண்ணும் கோடுமாக வந்தது. வந்ததைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு? வழக்கமாக விரலைக் கேள்விக்குறியின் மேல் வைத்து, அதிலிருந்து கடைசிவரை நீலமாக்கி, அழித்துவிட்டு, அப்புறம்தான் அனுப்புவாள். இன்றைக்கு நீலமாக்கினாளா? “நாப்பத்தாறு, கோகிலவாணி, யாருங்க கோகிலவாணி?” என்று அந்தப் பெண் சந்தையில் ஏலம் விடுகிறவள் மாதிரி கத்தியது நினைவிருக்கிறது, ‘இங்கங்க’ என்று எழுந்தது நினைவிருக்கிறது, கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் போட்டது நினைவிருக்கிறது. கட்டைவிரல் என்ன செய்தது என்பது மட்டும் இல்லை. தினமும் செய்கிற வேலையில் இதுதான் கண்றாவி. கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று கேட்டால் கை ‘செய்தேன்’ என்கிறது, ஆனால் எந்தத் தேதியில் செய்ததைச் சொல்கிறது என்று அதற்கே தெரியாது.

வெட்டாவிட்டால்தான் என்ன, குடி முழுகிவிடுமா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் கோகிலவாணியே சிரித்திருப்பாள். முழுகும். தாரணியின் வரன் பார்க்கும் கணக்கு வீட்டில் லேப்டாப்பில் இருக்கிறது. போனில் இருப்பது கோகிலவாணியின் கணக்கு. அவளுக்கு அவளே வரன் பார்க்கிற கணக்கு. வயது நாற்பத்தேழு, கணவர் இறந்து பதினொரு வருடம், மறுமணம். இதைத் திறந்து மூன்று மாதமாகிறது, ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது. எண்ணைத் தேடும் அவசரத்தில் எந்தக் கணக்குக்குள் நின்று தேடுகிறோம் என்று அவள் பார்க்கவில்லை, அட, பார்க்கவே இல்லை! அந்த வலைத்தளத்தின் லட்சணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் பெரியம்மா மகள் ஒருத்தி ஒரு பெண்ணின் லிங்க்கை அனுப்பினாள், திறந்தால் பெண்ணுக்கு மேலே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. ‘இந்த வரனை உங்களுடன் பகிர்ந்தவர்’ என்று போட்டு, அவளுடைய மகனின் போட்டோ, உயரம், எத்தனை பெண்கள் வேண்டாம் என்றார்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாம். பாவம், அவள் அனுப்பியது ஒரு பெண்ணை. கூடவே தன் வீட்டுக் கதவையும் திறந்துவிட்டாள். கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கிற குப்பைதான் அதற்குக் காரணம். இன்றைக்கு அதே பெட்டிக்குள் கோகிலவாணியின் முகம். முப்பத்தோரு பேர் இருக்கிற குரூப்பில். குரூப்பின் பெயர் ‘அப்பாரு குடும்பம்’, அதாவது குழந்தைகளுக்குத் தாத்தாவான, செத்துப்போன மாமனாரின் பெயரால், செத்துப்போன கணவனின் சொந்தம் முழுவதும்.

இதில் வயிறு எரிவது எதற்கென்றால், அந்த முப்பத்தோரு பேருக்கும் வாலை வெட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கற்றுக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை. கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறாள்; இரண்டு வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டர் துறையில் ஒரு கூட்டம் போட்டார்கள், நாற்காலி நிறைய வேண்டுமென்று நூலக ஆட்களையும் உட்காரவைத்தார்கள். ஒரு சின்ன வயது வாத்தியார் திரையில் ஒரு லிங்க்கைக் காட்டி, இதோ இதுவரைக்கும்தான் விலாசம், கேள்விக்குறியிலிருந்து வால், நீங்கள் யார், எந்தப் போனிலிருந்து வந்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், அவர் யாருக்குக் கொடுத்தார் என்று வால் போய் வத்தி வைக்கும் என்றார். மாணவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி ஒருத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து யார் எதை அனுப்பினாலும் வாலை வெட்டித் திருப்பி அனுப்புவாள், கீழே ‘வாலை வெட்டி அனுப்பியிருக்கிறேன்’ என்று ஒரு வரியும் போடுவாள். ஒரு தடவை வெட்டக் கூடாத இடத்தில் வெட்டி, வீடியோவே திறக்காமல் போய், குரூப்பே கைகொட்டிச் சிரித்தது. சில வீடியோவுக்கு உயிரே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்குமாம், அதை அந்த வாத்தியார் சொல்லவில்லை. அவளுக்கு ‘வால்வெட்டி’ என்று பெயர் வைத்தது, அவள் நங்கையா என்று கூப்பிடுகிற நாத்தனார் சாந்தாமணி. “நான் மருதமலை தேர் வீடியோ அனுப்புனா அதுலயும் வாலு இருக்குதுங்கறா. சாமிகூடவா நம்மளை வேவு பாக்குது?” என்று கல்யாண வீட்டில், பந்தியில், பத்துப் பேர் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வது, அடுத்த இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான். ஊருக்கெல்லாம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் இன்றைக்கு.

“உங்களுக்கும் சக்கரைங்களா?” பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பெண்குரல், கூடவே குண்டுமல்லி வாசனை. ஆமாங்க என்றாள் கோகிலவாணி. “எனக்குப் பதினாலு வருசமுங்க. எங்கூட்டுக்காரருக்குத்தான் மொதல்ல வந்துச்சு. ஒரே தட்டத்துல தின்னு தின்னு எனக்கும் ஒட்டீருச்சாட்ட இருக்குது. உங்கூட்டுக்காரரு வரலீங்களா?” இல்லீங்க. அவ்வளவுதான் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்களிடம் பொய் சொல்லவும் முடியவில்லை, மெய் சொல்லவும் பிடிக்கவில்லை. இந்த அம்மாவின் துணைக்கு வந்த யாராவது கண் தெரிந்தவர்கள் இருப்பார்கள், போனைக் கொடுத்து, கண்ணு, கடைசியாகப் போன லிங்க்கை அழித்துவிடு என்று கேட்கலாம். அழிக்கிறவர்கள் படிக்காமலா அழிப்பார்கள்? சரி, படிக்கட்டும், யாரோ தெரியாதவர்கள்தானே. தெரியாதவர்கள் படிக்கிறதைவிட மோசமா தெரிந்தவர்கள் படிக்கிறது? மோசம்தான். கொழுந்தன் சண்முகம் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான், பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் போனைத் திறப்பான், ஒரு கையால் பிசைந்துகொண்டே ஒன்றுவிடாமல் பார்ப்பான். இப்போது மணி என்ன? வரும்போது பதினொன்று. சண்முகத்தின் பெண்டாட்டி போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போகிற ஜாதி, அவள் பிரச்சினையில்லை. சாந்தாமணி? அவள் காலையில் எழுந்ததிலிருந்து போனும் கையுமாக இருக்கிறவள். அவள் பார்த்துவிட்டால் சொல்லப்போகிற வாக்கியம்கூட கோகிலவாணிக்கு இப்போதே காதில் கேட்கிறது, அந்த இழுப்போடு: பொண்ணுக்குப் பாக்கறாளா, தனக்குப் பாக்கறாளா? அது காங்கயத்துக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? பையன் வீட்டார் கண்ணியமாக ‘ஜாதகம் பொருந்தலீங்க’ என்பார்கள். தாரணி நேராகப் பார்த்து, ஏம்மா என்பாள். அந்த ‘ஏம்மா’வுக்கு அவளிடம் பதில் கிடையாது. மூன்று மாதமாகத் தேடுகிறாள்.

பதில் இல்லாமலா கணக்கைத் திறந்தாய் என்று கேட்டால், திறந்த அன்றைக்கு இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தாரணி வேலைக்குச் சென்னை போய் ஆறு மாதம், கோகிலவாணி தேங்காய் துருவிக்கொண்டே ‘இந்தத் தேங்காய் அழுகல்’ என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான், யாரிடம் சொன்னோம் என்று பார்த்தாள். அவ்வளவுதான், அழுகல் தேங்காயைக் கேட்க ஓர் ஆள். இதைப் போய் ‘என்னைப் பற்றி’ என்கிற கட்டத்தில் எப்படி எழுதுவது? ‘பேச்சுத் துணை வேண்டும். சமைக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது’ என்று எழுதிவைத்தாள். இப்போது நினைத்தால் காது சுடுகிறது. சமைக்கத் தெரிந்தவராம்! முப்பத்தோரு பேரும் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பொங்கல் வரைக்கும் ஓட்டுவார்கள். போட்டோ அதைவிடக் கொடுமை. தனியாக எடுத்த போட்டோ என்று அவளிடம் ஒன்றுகூட இல்லை, பதினொரு வருஷமாக யார் அவளைத் தனியாக எடுத்தார்கள்? சண்முகம் புதுவீடு புகுந்தபோது எடுத்த குடும்பப் போட்டோவிலிருந்து தன் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் பின்வரிசையில், பந்தல்காலோரம், நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றாள். சாந்தாமணி வந்து தோளைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். எங்கே நிற்பது என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்ய வேண்டும், நிறுத்திவிட்டுப் பிடித்த பிடியை விடவுமில்லை. அதே சாந்தாமணிதான், கணவன் ரங்கராஜ் போன இரண்டாம் வருஷம் ஒரு வளைகாப்புக்குக் கோகிலவாணி கிளிப்பச்சையில் சேலை கட்டிக்கொண்டு போனபோது, வாசலிலேயே மேலும் கீழும் பார்த்து, “என்ன அம்மிணி, பச்சை?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், ஒரு சொல் கூடுதல் இல்லை. அந்தச் சேலை ஒன்பது வருஷமாக அலமாரியில் மடித்தபடி கிடக்கிறது. கோகிலவாணி அதற்கப்புறம் வாங்கியதெல்லாம் சந்தன நிறம், சாம்பல் நிறம், வெளிறின ஊதா. கடைக்காரனே அவள் உள்ளே நுழைந்ததும் அந்தக் கட்டைத்தான் இறக்குகிறான்.

போன் மறுபடி உதறியது. இரண்டு தடவை. இனி முடியாது. கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் வெள்ளைவெளேரென்று உள்ளே கொட்டியது, எதிர்ச் சுவர் நன்றாகத்தான் தெரிகிறது, ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருப்பதுகூடத் தெரிகிறது, கையிலிருக்கிற போன் மட்டும் புகை. கண்ணாடியைத் தேடிப் போட்டாள், புகை கொஞ்சம் பெரிதானது. கையை நீட்டிப் பார்த்தாள், இன்னும் நீட்டினாள், எதிரே யாருடைய முழங்காலிலோ இடித்தது. பச்சைச் சதுரம் ஒன்றும் வெள்ளைச் சதுரம் நான்கும் தெரிந்தன. பச்சை அவளுடையது. அதற்குள் வாலிருக்கிறதா, எத்தனை வரி, ஒன்றா மூன்றா? ஒன்றுபோலவும் இருந்தது, மூன்றுபோலவும் இருந்தது. கீழே புதிதாக வந்த வெள்ளைச் சதுரங்களில் என்ன எழுதியிருக்கிறார்கள், பையன் ஜோரு என்றா, கோகிலா இதென்ன கூத்து என்றா? நூலகத்தில் பதினெட்டு வருஷம் எழுத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எழுத்து இப்படியா துரோகம் செய்யும். பச்சையை அழுத்திப் பிடித்தாள். ஏதோ பட்டை விழுந்தது. குப்பைத்தொட்டிபோல ஒன்றைத் தொட்டாள். இரண்டு வரி வந்தது. ஒன்று எல்லோரிடமிருந்தும் அழிக்கிறது, ஒன்று தன்னிடமிருந்து மட்டும் அழிக்கிறது. மேலேயா எல்லோரும், கீழேயா? மேலேதான். மேலேதான் என்று நினைக்கிறேன். அமுக்கினாள். பச்சை போய்விட்டது. போயே விட்டது, ஆனால் எங்கிருந்து போனது? எல்லோரிடமிருந்தும் போயிருந்தால் ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி நிற்க வேண்டும், நிற்கிறதா? அந்தப் புகையில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தன்னிடமிருந்து மட்டும் அழித்திருந்தால் இனி எல்லோரும் பார்க்கலாம், அவள் ஒருத்தி மட்டும் பார்க்க முடியாது, அழிக்கவும் முடியாது. “ஏனுங்கம்மா, உங்களுக்குச் சொன்னா கேக்க மாட்டீங்களா?” நர்ஸ் பெண் வந்து நின்றாள். “போனை உள்ள வைய்ங்க. மேல பாருங்க.” மூன்றாவது சொட்டு இறங்கியது. படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ரங்கராஜ் சொல்வான். அவள் படிக்க முடியாமல் போட்டுவிட்டாள். கோபம் யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை, வலைத்தளக்காரன் மேலா, நர்ஸ் மேலா, செத்தவன் மேலா. ஒரு பையனைக் காட்டினால் பையனைக் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, காட்டியவளை ஏனடா இழுத்து நடுவீதியில் நிறுத்துகிறீர்கள்? அவள் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள், அழுகல் தேங்காயை அழுகல் என்று சொல்ல ஆள் தேடினாள். அதைத் தானே ஒருநாள், தனக்குத் தோன்றியபோது, தன் வாயால் சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா?

கைப்பைக்குள் போன் விடாமல் உதறியது. செய்தி இல்லை, யாரோ கூப்பிடுகிறார்கள். நர்ஸின் செருப்புச் சத்தம் தள்ளிப் போகும்வரை பொறுத்து, கண்ணைத் திறக்காமலே போனின் கண்ணாடியைத் தடவி விரலை இழுத்து, காதில் வைத்தாள். “கோகிலா.” சாந்தாமணி. கிரைண்டர் ஓடுகிற சத்தம், பிறகு அதை நிறுத்துகிற சத்தம். “சொல்லுங்க நங்கையா.” “ஆஸ்பத்திரிலயா இருக்கறே? கண்ணுக்கு மருந்து உட்டுட்டாங்களா?” “உட்டாச்சுங்க.” “நீ போட்ட லிங்க்கைத் தூக்கீட்டேன். நாந்தானே அட்மினு, தூக்கலாமாம்.” கோகிலவாணி போனைக் காதோடு அழுத்தினாள். “தூக்கீட்டு, வாலை வெட்டி நானே மறுக்காப் போட்டுட்டேன். கேள்விக்குறில இருந்துதானே வெட்டோணும்? தொறந்து பாத்துக்கிட்டேன், பையன் மட்டுந்தான் வர்றான்.” அப்படியானால் வெட்டவில்லை. கை பொய் சொல்லியிருக்கிறது. அழித்ததும் தன் போனிலிருந்து மட்டும்தான். “வேற யாருங்க பாத்தாங்க?” என்றாள். “எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் பாக்கல. பாத்தா பாத்துட்டுப் போறாங்க போ.” பாத்துட்டுப் போறாங்களாம். ஒரு பச்சைச் சேலைக்கு வாசலில் நிறுத்தியவள்! இந்தச் சொல்லை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று கோகிலவாணிக்குக் கோபம் வந்தது. இவளிடம் போயா மாட்ட வேண்டும், இவளாலா தப்ப வேண்டும். வாயைத் திறந்தாள். அதற்குள் சாந்தாமணி, “ஏன் கோகிலா, அந்தப் போட்டோ சம்முகம் ஊடு புகுந்தப்ப எடுத்ததுதானே?” என்றாள். ஆமாங்க. “என்னைய வெட்டீட்டே.” அங்கே ஏதோ பாத்திரத்தை நகர்த்திவிட்டுத் தொடர்ந்தாள். “வெட்டுனதுதான் வெட்டுனே, ஒழுங்கா வெட்டறதில்லியா? என்ற கை உன்ற தோளு மேலயே கெடக்குது. மோதிரம்கூடத் தெரியுது. பாக்கறவன் என்ன நெனப்பான்? வேற நல்ல படமா எடுத்துப் போடு. அந்தப் பச்சைச் சேலை வெச்சிருக்கறயா, இல்ல யாருக்காச்சும் குடுத்துட்டியா?”

இருக்குதுங்க என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குள் அந்தப் பக்கம் கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது, “செரி, டாக்டரு கூப்புடுவாரு, வெய்யி” என்றது குரல். போனை மடியில் வைத்தாள். மூடின இமைக்குள்ளிருந்து சூடாக ஒன்று கிளம்பி மூக்கோரம் வழிந்தது, பஞ்சால் ஒற்றினாள், இன்னொன்று வழிந்தது. பக்கத்து நாற்காலியம்மா, “ரொம்ப எரியுதுங்களா?” என்று கேட்டாள். ஆமாங்க என்றாள் கோகிலவாணி. செருப்புத் தேயும் சத்தம் அருகில் வந்து நின்றது. கட்டைவிரல் ஒன்று அவள் இமையைத் தூக்கியது, டார்ச் வெளிச்சம் உள்ளே அடித்தது. “அய்ய, அளுதீங்களாம்மா? மருந்து அத்தனையும் வெளிய வந்துருச்சு பாருங்க” என்றாள் நர்ஸ் பெண். “மறுக்கா மொதல்ல இருந்து விடோணும். இன்னும் நாப்பது நிமிசம் ஆகும்.” சரி என்று கோகிலவாணி தலையைப் பின்னால் சாய்த்தாள்.